நாலு வெரக்கடை

பாத்து, பாத்து. கால்ல இடிச்சிருச்சா தம்பி? ஒண்ணுமில்ல, சாக்குக்குள்ள ஒரு இரும்பு வளையம். மேல வைக்கலாம்னா கண்டக்டர் விடமாட்டேங்காரு, வளைவுல யார் தலையிலயாவது விழுந்துருமாம். நீங்க காலை இந்தப் பக்கமா நீட்டிக்கோங்க. ஒங்க காலுக்கு இந்த சீட்டு எங்க பத்தும். ஒசரம் என்ன இருப்பீங்க? ஆறடி ரெண்டா? நான் ஆறடி ஒண்ணே முக்கால்னு நெனச்சேன். செருப்புல கால் அங்குலம் வந்திருக்கும். கோவிச்சுக்காதீங்க, வெல்டர் புத்தி. நாப்பத்தஞ்சு வருசம் இரும்பை அளந்து வெட்டுன கண்ணு, மனுசரையும் அப்பிடித்தான் பாக்குது.

எம் மகளும் கிட்டத்தட்ட ஒங்க ஒசரம்தான். ஆறடி ஒண்ணரை. ஆமா, பொம்பளைப் பிள்ளைதான். அதுகிட்டதான் போறேன், திருமங்கலத்துக்கு. நீங்க மதுரையா? அப்பச் சரி, ரெண்டு மணி நேரம் கூட வருவீங்க.

இந்த வளையம் என்னன்னு கேளுங்களேன். கூடைப்பந்து ரிங்கு. ராஜபாளையத்துல மில்லு கிளப்புக் கிரவுண்டுல மேற்கால பக்கம் மாட்டியிருந்தது. இப்பக் கண்ணாடிப் பலகை வச்சுப் புதுசா நிறுத்திட்டாங்க, பழசை எடைக்குப் போட்டாங்க. நான் வாங்கி வச்சிருந்தேன். எதுக்கு வாங்குனேன்னு எனக்கே தெரியாது. கிரவுண்டுக்கு எதுத்தாப்புலதான் எம் பட்டறை. 'வெல்டர் குருவையா'ன்னா யாரும் கைகாட்டுவாங்க. நான் அஞ்சாப்புத் தாண்டல தம்பி, ஆனா காது நல்ல காது. பந்து பட்டுச்சுன்னா ரிங்குல முன்னால பட்டுச்சா, பக்கத்துல பட்டுச்சா, உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு பட்டறைக்குள்ள குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டே சொல்லுவேன்.

மக பேரு தங்கபுஷ்பம். வீட்டுல பாப்பா. எட்டாப்புப் படிக்கயிலயே அவ அம்மாவைத் தாண்டிருச்சு, பத்தாப்புல என்னைத் தாண்டிருச்சு. தெருவுல போனா 'என்ன குருவையா, மேல் தொட்டியில தண்ணி வருதான்னு ஒம் மகளை எட்டிப் பாக்கச் சொல்லு'ம்பாங்க. கொக்குன்னாங்க, ஒட்டகம்னாங்க. பிள்ளை ஒருநாள் அழுகல. அந்தப் பேச்செல்லாம் எங்கிட்டதான் தங்குச்சு. அதுக்குப் பந்து இருந்துச்சு, எனக்கு என்ன இருந்துச்சு?

தேவசகாயம் மாஸ்டர்னு ஒருத்தர், அவர்தான் கிளப்புல ஆட்டம் சொல்லிக்கொடுத்தவரு. நல்ல மனுசன். அவர்தான் இருபத்தொரு வயசுல பிள்ளை காதுல ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டாரு. 'புஷ்பம், நம்ம பக்கத்துல பொம்பளைப் பிள்ளை ஒண்ணும் டங்க்கு போட்டு நான் பாத்ததில்ல. ஒன்னால முடியும்'னு. டங்க்குன்னா தெரியுமில்ல? பந்தை எறியக்கூடாது. ஓடிவந்து, எம்பி, கையோட கொண்டுபோயி வளையத்துக்குள்ள அமுக்கணும். வளையம் பத்தடி ஒசரம். ஆம்பளைப் பையகளே அங்க ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் எட்டும். அந்த வார்த்தை விழுந்த நாள்ல இருந்து அதுக்குச் சோறு தண்ணி வேண்டாம்னு ஆகிப்போச்சு. காலையில ஆறு மணிக்கு கிரவுண்டு. சாயங்காலம் கிரவுண்டு. பட்டறையில கெடந்த பழைய பேரிங்கு குண்டையெல்லாம் துணியில தச்சு ரெண்டு கால்லயும் கட்டிக்கிட்டு மாடிப்படி ஏறும். கீழ் வீட்டுக்காரங்க, 'யானை வளக்கீங்களா'ன்னு கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பட்டறைச் சுவத்துல ஒரு கோடு போடும். கையில கரித்துண்டை வச்சுக்கிட்டு எம்பி, எட்டுன எடத்துல ஒரு இழுப்பு. பக்கத்துல தேதி. சுவத்துல பத்தடிக்கும் ஒரு கோடு இருந்துச்சு, அது நான் போட்டுக் கொடுத்தது, டேப்பு பிடிச்சு. பந்தோட கையி உள்ள போகணும்னா அதுக்கு மேல எவ்வளவு வேணும்னு மாஸ்டர் சொல்லி, அங்க ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கும் பிள்ளை கோட்டுக்கும் நடுவுல உள்ள தூரத்தைத்தான் எங்க வீட்டுல மூணு பேரும் தெனம் பாத்தோம். மாசத்துக்கு ஒரு வெரக்கடை ஏறும். ஒரு வெரல் அகலம். அவ்வளவுதான். முள்ளங்கி வளருற மாதிரி, பாத்துக்கிட்டே இருந்தா தெரியாது.

அதுக்குள்ள வயசு இருபத்திரெண்டு. பதினோரு எடம் வந்துச்சு தம்பி. நான் எண்ணி வச்சிருக்கேன். பதினோரு பேரும் காப்பியைக் குடிச்சாங்க, பிள்ளை எந்திரிச்சு நின்னதும் டம்ளரைக் கீழ வச்சாங்க. ஒருத்தன் கேக்குறான், 'உக்காந்தே இருக்கச் சொல்லுங்களேன், உக்காந்தா நல்லாத்தான் இருக்கு'ன்னு. கடைசியில பன்னெண்டாவதா திருமங்கலத்து எடம். மாப்பிள்ளை கூட்டுறவு சங்கத்துல வேலை. அஞ்சடி ஏழு. பிள்ளையைப் பாத்தாரு, அண்ணாந்து பாத்தாரு, சிரிச்சாரு. 'எனக்குப் பரவாயில்ல'ன்னாரு. எனக்கு அந்த எடத்துலயே அவரு கையைப் பிடிச்சுக்கலாம்னு இருந்துச்சு.

பிள்ளை சொல்லுச்சு, 'அப்பா, நான் டங்க்கு போடுற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்காதீங்க. போட்டுட்டா மறுநாளே நீங்க சொல்ற ஆளுக்குக் கழுத்தை நீட்டுறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்'னு. 'எப்பப் போடுவே?' 'போடும்போது போடுவேன்.' 'ஆவணி முகூர்த்தம் கேக்காங்கம்மா.' 'கால் கேக்கணும்ப்பா, ஆவணி கேட்டாப் போதுமா'ன்னுச்சு. அவ அம்மா முத்துப்பேச்சி அடுப்படியில இருந்து, 'அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல அந்த இரும்பு வளையம்தான் எனக்குச் சம்மந்தியா'ன்னா. நான் பட்டறைச் சுத்தியல் மேல கைய வச்சு, சரின்னு வாக்குக் கொடுத்தேன். எங்க தொழில்ல அதுதான் சத்தியம். சுத்தியல் மேல வச்ச வாக்கை மாத்துனவன் கைக்கு அப்புறம் இரும்பு கட்டுப்படாதும்பாங்க.

நான் மாத்தல. அதைத்தான் சொல்ல வாரேன். நான் வாக்கு மாறல.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துருச்சா? வேணாம்ப்பா, பால்கோவா வேணாம், சுகரு. தம்பிக்கு வேணும்னா குடு. வேணாமா, சரி.

ஆடி மாசம். காத்து அடிச்சு மேற்கால போஸ்ட்டு ஆட ஆரம்பிச்சது. போஸ்ட்டுன்னா ரிங்கைத் தாங்குற கம்பம். தரையோட தரையா துருப்பிடிச்சு அரிச்சுப்போச்சு. கிளப்புல இருந்து ஆள் வந்து, 'குருவையா அண்ணே, ஒங்களுக்குத்தான் வேலை'ன்னாங்க. பத்துப் பேர் சேந்து கம்பத்தைச் சாச்சுப் படுக்கப்போட்டோம். துரு பிடிச்ச அடிப்பக்கம் ஒரு அடியை வெட்டி எடுத்தேன். எடுத்த அளவுக்குப் புதுக் குழாய் வச்சு வெல்டு பண்ணி நிறுத்தணும். அதுதான் வேலை.

திருமங்கலத்துல இருந்து அன்னைக்குக் காலையிலதான் போன் வந்திருந்தது. ஆடி முடியிறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க, வேற எடமும் கேக்குதுன்னு.

பட்டறைச் சுவத்தைப் பாத்தேன். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல கையை வச்சேன். கட்டைவெரலை மடக்கிட்டு நாலு வெரலையும் சேத்து வச்சா கச்சிதமா உக்காந்துச்சு. நாலு வெரக்கடை.

நான் ஒரு அடிக் குழாய்ல நாலு வெரக்கடை கம்மியா வெட்டுனேன்.

டேப்பு நாந்தான் பிடிச்சேன். ஒரு முனையைக் கால் பெருவெரலால மிதிச்சுக்கிட்டு மறு முனையையும் நானே பிடிச்சேன். மாஸ்டர் வந்து, 'அளவு சரியா இருக்கா குருவையா?'ன்னாரு. 'வேலை சுத்தம் சார்'னேன். பொய்யில்லையே. வேலை சுத்தம்தான். பதினெட்டு வருசம் அந்த வெல்டிங்குல ஒரு மயிரிழை விரிசல் விடல. நான் பொய் சொல்லல தம்பி. இரும்புதான் கொறைஞ்சுச்சு.

எதுத்தாப்புல கெழக்கால ரிங்கு அப்பிடியே பத்தடிதான். நடுவுல எம்பது அடிக்கு மேல தூரம். எவன் கண்ணு கண்டுபிடிக்கும்? எங் கண்ணு கண்டுபிடிக்கும். வேற யாரு கண்ணும் கண்டுபிடிக்காது.

அடியில போட்ட கான்கிரீட்டு இறுகணும்னு ஒரு வாரம் தண்ணி ஊத்துனோம். எட்டாம் நாள் காலையில ஆறரை மணி இருக்கும். நான் பட்டறை வாசல்ல டீ குடிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு சத்தம். அந்த ரிங்கு ஆயிரம் சத்தம் போட்டுக் கேட்டவன் நான். அது வேற. பந்து பட்ட சத்தமில்ல, கை பட்ட சத்தம். மணி அடிச்சு, அடிச்சவன் கையாலயே அதை அமுக்குன மாதிரி. டம்ளரைக் கீழ வச்சுட்டு ஓடுனேன்.

கூட ஆடுற பிள்ளைகள் எல்லாம் கத்திக்கிட்டுப் புஷ்பத்தைத் தூக்குதுக. மாஸ்டர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டிருக்காரு. பிள்ளை மட்டும் சிரிக்கல. கீழ எறங்கி, வளையத்துக்கு அடியில நின்னு, கையைத் தூக்கி வலையோட நுனியை வெரலால தொட்டுப் பாத்துச்சு. ரொம்ப நேரம். சந்தோசத்துல ஆள் அப்பிடித்தான் உறைஞ்சு போயிருவாங்க. அப்புறம் பந்தை எடுத்துக்கிட்டுத் தன்னால கெழக்கால பக்கம் நடந்துச்சு. ஓடிவந்து எம்புச்சு. பந்து ரிங்கோட முன்னால அடிச்சுத் திரும்பி வந்துருச்சு. மறுபடி. மறுபடி. மூணு தடவை. மூணும் அதே எடத்துல பட்டுச்சு, சத்தம் ஒண்ணு போல. 'களைச்சிருச்சு பிள்ளை'ன்னு நான்தான் சொன்னேன்.

நேரா எங்கிட்ட வந்துச்சு. மூச்சு வாங்குது. மேற்கால கம்பத்தோட அடியைப் பாத்துச்சு, புதுப் பெயிண்டு பளபளன்னு இருக்கு.

'அளவு பாத்துத்தானப்பா வச்சீங்க?'

'பாக்காமயா வைப்பேன்?'ன்னேன்.

அதுவும் பொய்யில்ல. என் வாழ்க்கையில அவ்வளவு அளவு பாத்து எந்த இரும்பையும் நான் வெட்டுனதில்ல.

எம் மூஞ்சியைப் பாத்துச்சு. பந்தை எங் கையில கொடுத்துச்சு. 'நான் சொன்ன வார்த்தை மாறமாட்டேன். அவங்களுக்குச் சொல்லிருங்க'ன்னு சொல்லிட்டு வீட்டைப் பாக்கப் போயிருச்சு.

அன்னைக்கு வியாழக்கிழமை. ஞாயித்துக்கிழமை இல்ல. ஆனா மத்தியானம் பட்டறைக்கு வந்து கரித்துண்டை எடுத்துச்சு. எம்பி ஒரு இழுப்பு. போன ஞாயித்துக்கிழமைக் கோட்டு மேலயே விழுந்துச்சு, நூல் பிசகல. அதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டுக் கரியைக் கீழ வச்சுட்டுக் கையைக் கழுவப் போச்சு. காலையில அத்தனை குதிச்சது, கால் ஓஞ்சிருக்கும். வேற என்ன?

ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளை தங்கம். 'கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடட்டும் மாமா'ன்னு அவரே சொன்னாரு. நானும் ஆடாதேன்னு சொல்லல. அதுவாத்தான் பந்தைத் தொடல. பந்தியில மாஸ்டர் எம் பக்கத்துல உக்காந்தாரு. பாயசத்தைக் கிண்டிக்கிட்டே சொல்றாரு, 'மாசத்துக்கு ஒரு வெரக்கடைதான் ஏறிக்கிட்டிருந்தா குருவையா. அன்னைக்கு எப்பிடி ஒரே தாவா தாவுனான்னு எனக்கு இன்னும் பிடிபடல'ன்னு. நான், 'சாமி புண்ணியம் சார்'னேன்.

மாசத்துக்கு ஒண்ணு. நாலு வெரக்கடை. அஞ்சாப்புப் படிச்சவனுக்கும் அந்தக் கணக்கு வரும். கார்த்திகையில தன்னால எட்டியிருக்கும். எட்டியிருக்கும்னு என்ன நிச்சயம்? எட்டாமலும் போயிருக்கலாமில்ல. மாப்பிள்ளை கார்த்திகை வரைக்கும் இருந்திருப்பாரான்னு யாரு கண்டா.

கல்யாணத்துக்கு வீடு, பட்டறை எல்லாம் வெள்ளையடிச்சேன். கோடெல்லாம் மறைஞ்சு போச்சு. அந்தக் கார்த்திகையில மழை பிடிச்சது பாருங்க, சுவரு ஊறி ஊறி, சுண்ணாம்புக்கு அடியில இருந்து ஒவ்வொரு கோடா வெளிய வருது. கீழ இருந்து மேல வரைக்கும் ஏணி மாதிரி. கடைசிக் கோடு மட்டும் கறுப்பா, ரெண்டு தடவை இழுத்ததுல்ல. காய்ஞ்சதும் மறுபடி அடிச்சேன். மறு கார்த்திகையில மறுபடி வந்துச்சு. பெயிண்டு அடிச்சேன், ரெண்டு கோட்டிங்கு. வருது தம்பி. பதினெட்டு கார்த்திகை. முத்துப்பேச்சி போய்ச் சேர்ந்த வருசமும் வந்துச்சு. 'சுவத்தை இடிச்சுக் கட்டிருங்களேன்'னு அவ ஒருநாள் சொன்னா. நான் இன்னொரு டப்பா பெயிண்டு வாங்கியாந்தேன்.

கம்பத்தைச் சரி பண்ணிரணும்னுதான் இருந்தேன். கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள பையக அந்த ரிங்குக்குப் பேரு வச்சுட்டானுக. 'புஷ்பக்கா ரிங்கு.' மேட்ச்சுக்கு முன்னால கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவானுக, ராசியாம். கெழக்கால விழலன்னா அது ராசியில்லாத ரிங்காம். அதுல முன்ன எட்டாத பையக அஞ்சாறு பேரு டங்க்கு போட்டானுக. அப்புறம் வெளியூருக்கு ஆடப் போயி, எம்புனவன் பந்தெல்லாம் ரிங்குல அடிச்சுத் திரும்பி வந்து, தோத்துட்டு வருவானுக. வருசா வருசம். 'நம்ம கிரவுண்டுல சிங்கம், வெளிய போனா பூனை, என்னண்ணே நம்ம ஊரு ராசி'ன்னு எம் பட்டறை வாசல்ல உக்காந்து எங்கிட்டயே கேப்பானுக. கேஸ் கட்டரைத் தூக்கிக்கிட்டு மூணு தடவை கிரவுண்டு வாசல் வரைக்கும் போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் எவனாவது அந்தக் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டிருப்பான்.

இன்னொண்ணு சொல்றேன், கிறுக்கன்னு நெனைக்காதீங்க. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல கிரவுண்டுல ஒரு ஈ காக்கா இருக்காது. அப்பக் கேக்கும். அன்னைக்குக் கேட்ட சத்தம். கை பட்டு அமுங்குற சத்தம். போய்ப் பாப்பேன். ஆளே இருக்காது, வலை மட்டும் ஆடும். காத்துன்னு வச்சுக்கிடலாம். ஆனா காத்து இல்லாத நாளும் வலை ஆடுச்சு. அப்புறம் ஒண்ணு தொடர்ந்து வரும், கெழக்கால இருந்து, பந்து அடிச்சுத் திரும்புற சத்தம். ஒண்ணு. ரெண்டு. மூணு. மூணோட நின்னுரும்.

பாப்பா நல்லாத்தான் இருக்கு. கொறை ஒண்ணுமில்ல. தீவாளி பொங்கலுக்கு வரும், 'சாப்பிட்டீங்களாப்பா'ங்கும், 'மாத்திரை போட்டீங்களாப்பா'ங்கும். பட்டறைப் பக்கம் மட்டும் வராது. கொஞ்சம் கூன் போட்டு நடக்குது இப்ப. மாப்பிள்ளை கூட நடந்து நடந்து அப்பிடிப் பழகிருச்சு போல. நான் கண்ணால அளந்தேன். ஆறடி ஒண்ணரை இப்ப ஆறடியே வராது.

எம் பேத்திக்குப் பன்னெண்டு வயசு. தன்ஷிகாவாம், எனக்கு வாயில நுழையாது, தனம்னுதான் கூப்பிடுவேன். இப்பவே அஞ்சடி ஏழு, அப்பனை எட்டிருச்சு. அது பள்ளிக்கூடத்துல பந்தைத் தொட்டுருச்சு. போன வாரம் பாப்பா போன் போட்டுச்சு. தன்னால எனக்குப் போன் போடுறது அபூர்வம். 'அப்பா, பழைய ரிங்கு ஒங்ககிட்டதான் இருக்குன்னு மாஸ்டர் சொன்னாரு.'

'ஆமாம்மா.'

'மேற்கால ரிங்குதான?'

'ஆமா.'

'அதைக் கொண்டாங்க. வீட்டுக்குப் பின்னால கம்பம் நட்டுத் தரணும். எம் மகளுக்கு.'

எனக்கு அவ்வளவு சந்தோசம் தம்பி. பதினெட்டு வருசத்துல அது எங்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டது இதுதான். 'ஒரே நாள்ல நட்டுத் தாரேன்மா'ன்னேன். போனை வைக்கப் போச்சு. வைக்கல. அப்புறம் சொல்லுச்சு, 'பத்தடிப்பா. டேப்பு நான் பிடிச்சுக்கிறேன்.'

அவ்வளவுதான். வச்சிருச்சு.

எனக்கு எழுபது தாண்டிருச்சு. கை லேசா நடுங்குது, இந்தா பாருங்க. அப்பனுக்குக் கை நடுங்குமே, ஒத்தையில டேப்பு பிடிக்கக் கஷ்டப்படுவாரேன்னு பாசத்துல சொல்லியிருக்கு பிள்ளை. பாசத்துலதான். நீங்க படிச்சவரு. கேட்டா ஒங்களுக்கும் அப்பிடித்தான தோணுது?

என்ன தம்பி, ஜன்னலைப் பாக்கீங்க.

சரி விடுங்க. ரோடு மோசம், பஸ்ஸு குலுங்குது. கேக்குதா, சாக்குக்குள்ள அந்தச் சத்தம்? ஒங்களுக்கும் கேக்குதுல்ல? காலை எடுத்துக்கோங்க தம்பி, நான் மிதிச்சுப் பிடிச்சுக்கிறேன்.